பழைய கார்களுக்குப் புது வீடு
(ஆட்டோமொபைல் மாணவர்களுக்குச் சிலபஸில் இல்லாத ஒரு பாடம்)

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிறார். அவர் விட்டுச் சென்றது நிலமோ நகையோ என்றால் பங்கு பிரிக்க ஊரில் ஆயிரம் பேர் வழி சொல்வார்கள். ஏழு பழைய கார்களை விட்டுச் சென்றால்? "நீதானப்பா ஆட்டோமொபைல் படிக்கிற, நீயே சொல்லு" என்று எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். நம் பாடத்திட்டத்தில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, கார்புரேட்டர் இருக்கிறது, இது இல்லை. என் தாய்மாமா வீட்டில் இந்த நிலைமை வந்தபோது கேட்டும் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தூசி படிந்த எந்தக் காரையும் "வின்டேஜ்" என்று சொல்வது நம்மூர் வழக்கம். இங்கிலாந்தில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 முடியத் தயாரானவை மட்டும்தான். அதற்கு முந்தியவை வெட்டரன், எட்வர்டியன். அமெரிக்காவின் பழங்கார் சங்கத்தார் 25 வயது ஆனாலே ஆன்டிக் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் நீண்ட காலம் இதற்கு விளக்கமே கிடையாது. 2021 ஜூலை 15-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத, இரு சக்கர, நான்கு சக்கர வாகனம் வின்டேஜ் ஆகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை மறக்க வேண்டாம், பின்னால் இதைப் பற்றி ஒரு கதையே வருகிறது.

உலகத்தில் பெரிய பெரிய சேகரிப்புகள், சொந்தக்காரர் போன பிறகு என்ன ஆயின என்று பார்த்தால் நமக்குப் பல விஷயம் புரியும். அமெரிக்காவில் ரீனோ நகரத்து வில்லியம் ஹாரா சுமார் 1,400 கார்கள் சேர்த்து வைத்திருந்தார். 1978-ல் காலமானார். 1980-ல் அவருடைய கம்பெனியை ஹாலிடே இன் நிறுவனம் வாங்கியது, கார்களும் அதோடு போயின. ஓட்டல் நடத்துகிறவருக்குக் கார் எதற்கு? 1984 முதல் 1986 வரை ஏலம் மேல் ஏலம். ஊர்க்காரர்கள் எழுப்பிய கூக்குரலால் 175 கார்கள் மட்டும் தானமாகக் கிடைத்து, 1989-ல் அங்கே ஒரு தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகம் ஆனது. எட்டில் ஒரு பங்குதான் ஊரில் தங்கியது. டகோமா நகரத்து ஹரால்ட் லெமே குப்பை அள்ளும் தொழில் நடத்தி ஆயிரக்கணக்கில் வாகனம் சேர்த்தவர். 2000-ல் மறைந்தார். குடும்பமும் ஊரும் சேர்ந்து நின்றதால் 2012-ல் அவர் பெயரிலேயே பெரிய அருங்காட்சியகம் திறந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸ் நாட்டு ரோஜே பையோன் கதை. லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர். அருங்காட்சியகம் வைக்க வேண்டும் என்று 1950-களிலிருந்து கார் வாங்கிக் குவித்தார். 1970-களில் தொழில் நொடித்து, ஐம்பது கார் வரை விற்றார். மீதியெல்லாம் தோட்டத்துக் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, செடி கொடி படர்ந்து கிடந்தன. மகனும் 2013-ல் இறந்த பிறகு, பேரப்பிள்ளைகள் ஏலக் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர்! ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோனிடம் இருந்த வண்டி. 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் அது மட்டும் ஒரு கோடியே அறுபத்து மூன்று லட்சம் யூரோ அளவுக்குப் போனது. நான் கவனித்த விஷயம் என்னவென்றால், ஏலக்காரர்கள் அந்தக் கார்களைக் கழுவவில்லை. தூசியோடு, துருவோடு, கிடந்தது கிடந்தபடியே மேடை ஏற்றினார்கள். வாங்குகிறவனுக்கு அதுதான் நம்பிக்கை.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. அகமதாபாத் அருகே கத்வாடாவில் பிரான்லால் போகிலால் சேர்த்த கார்கள், அவர் 2011-ல் மறைந்த பிறகும் ஒரே இடத்தில் பார்வைக்கு இருக்கின்றன. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரிலான அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இந்த லீவிலேயே போய் வாருங்கள்.

சரி, எல்லாருக்கும் அறக்கட்டளை வைக்க வசதி உண்டா? என் மாமா கோவையில் லேத் பட்டறை நடத்தியவர். பட்டறைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு தகர ஷெட். உள்ளே 1947 மோரிஸ் எய்ட், 1956 லேண்ட்மாஸ்டர், 1961 ஃபியட் 1100, 1965 அம்பாசடர் மார்க் டூ, 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ஒரு மஹிந்திரா ஜீப், என்ஜின் இல்லாத டாட்ஜ் கிங்ஸ்வே கூடு ஒன்று. மாமாவுக்குப் பிறகு ஷெட் சொந்தக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், "தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க." கையில் இருந்தது நாலரை மாதம். வெளிநாட்டில் இருக்கும் மாமா மகன், மொத்தமாக ஒரு புரோக்கரிடம் தள்ளிவிடலாம் என்றார். மகள், அப்பா ஞாபகமாக ஒன்றாவது வேண்டும் என்றார். அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "எடைக்கு மட்டும் போட்டுறாதீங்க கண்ணு. அவரு ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட வீட்ல இருந்ததில்லை, எல்லாம் அந்த வண்டிங்களுக்குத்தான் போச்சு."

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன விலை போகும்?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "காகிதம் எங்கே?"

மோட்டார் வாகன விதி 56 சொல்வதைக் கேளுங்கள். சொந்தக்காரர் இறந்தால், வாகனம் யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, விற்பதற்கு முன்னால் வாரிசின் பெயருக்கு வண்டி வர வேண்டும். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாது அல்லவா! (போட்டுக் கொடுக்கிற புத்திசாலிகளும் ஊரில் உண்டு. அது போலிக் கையெழுத்து, குற்றம்.) தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் 1956-ம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு, இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால் மற்றவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அத்தை பெயருக்கு மாற்றுவது என்று முடிவானது. வெளிநாட்டு மகனின் சம்மதக் கடிதம் அங்குள்ள தூதரகம் வழியாக வந்து சேரவே ஆறு வாரம். அதனால் இந்த வேலையைத்தான் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் அங்கே ஹெச்.பி. குறிப்பு இருக்கும். கடன் அடைத்து நாற்பது வருடம் ஆகியிருக்கும், ஆனால் படிவம் 35 கொடுத்து அந்தக் குறிப்பை நீக்கியிருக்க மாட்டார்கள். நீக்காமல் பெயர் மாறாது. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார், பிறகு படிவம் 26-ல் நகல். டிரங்குப் பெட்டி, பீரோ அடித்தட்டு, சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடுங்கள். பழைய பில், வரி வில்லை, வண்டியோடு எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ எதையும் எறிய வேண்டாம். அந்த வண்டி யாரிடம் இருந்து யாரிடம் வந்தது என்ற சங்கிலி, பெயின்ட்டை விட விலை தரும்.

இனி ஷெட்டுக்குள் போவோம். ஒரு நோட்டுப் புத்தகம், டார்ச் லைட், கம்பி பிரஷ், வெள்ளைத் தாள், பென்சில். இவ்வளவுதான் முதல் நாள் கருவிகள். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுத்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலைதான் எங்கள் லேண்ட்மாஸ்டரைக் காப்பாற்றியது.

அதைச் சொல்கிறேன். லேண்ட்மாஸ்டரில் உட்கார்ந்திருந்தது ஓவர்ஹெட் வால்வு என்ஜின். நம்பர் ஆர்.சி.யில் இருந்த நம்பர் இல்லை. மாமாவிடம் முப்பது வருடம் வேலை பார்த்த மெக்கானிக் பெரியவரைக் கேட்டோம். "அது அம்பாசடர் என்ஜின் தம்பி. பழசு ஸ்பேர் கிடைக்கலைன்னு உங்க மாமாதான் மாத்துனாரு. பழைய என்ஜினை அவரு போடலியே, எங்கயோ வெச்சாரே..." என்றார். லேண்ட்மாஸ்டர் முதலில் வந்தபோது சைடு வால்வு என்ஜின்தான். பிறகுதான் பி.எம்.சி.யின் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு என்ஜின் வந்தது, அதுவே அம்பாசடருக்கும் போனது. தேடினால், ஷெட் மூலையில் சாக்குக்கு அடியில் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தச் சைடு வால்வு என்ஜின்! இரண்டு நாள் முன்னால்தான் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து, "மூலையில இருக்கற இரும்பை மட்டும் எடுத்துக்கறேன், இடமாவது காலியாகும்" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அத்தை வேண்டாம் என்று சொன்னதால் தப்பியது. நம்பர் ஆர்.சி.யோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. அசல் வடிவம் வேண்டும் என்ற 2021 விதியை முதலிலேயே சொன்னேன் அல்லவா? அந்த என்ஜின் போயிருந்தால் அந்த வண்டி வெறும் பழைய கார். இருந்தால் வின்டேஜ். டீசல் என்ஜின் மாற்றிய எத்தனையோ அம்பாசடர், ஃபியட்களின் கதி இதுதான். ஆகவே, ஷெட்டில் கிடக்கும் ஒரு போல்ட்டைக்கூட எது எந்த வண்டியுடையது என்று தெரியும் முன் வெளியே விடக்கூடாது.

அடுத்தது, ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை. உறவினர் கூடியிருக்கும்போது யாராவது ஒருவர் புது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவார். தடுத்துவிடுங்கள்! பல வருடம் நின்ற என்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். வால்வு கைடில் இறுகியிருக்கும். மோட்டாரால் வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், புஷ் ராட் வளையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு பிளக் இல்லாமலேயே கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. சம்ப் ஆயிலை மாற்ற வேண்டும். டாங்கில் உள்ள பெட்ரோல் பிசினாகிப் போயிருக்கும். அதை இறக்காமல் பம்ப்பை ஓட்டினால் அந்தப் பிசின் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பேட்டரி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை. மோரிஸ் எய்ட்டுக்கு 6 வோல்ட். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். நம் பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் கொடுத்தால் அனர்த்தம்.

என்ஜின் ஓடியதும் வண்டியை ரோட்டுக்குக் கொண்டு போகலாமா? கூடவே கூடாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். வீல் சிலிண்டர் உள்ளே துரு ஏறி, ரப்பர் கப் கெட்டிருக்கும். பெடலை முதல் முறை மிதித்தால் நிற்பது போலத் தோன்றும், மூன்றாவது முறை கால் தரையைத் தொடும். டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கும். ஆகவே, விற்கிற வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் உத்தமம்.

பெயின்ட் அடித்து விற்றால் விலை கூடும் என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பட்டி பார்த்துப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்ததும், விஷயம் தெரிந்தவர் முதலில் சந்தேகப்படுவது அடியில் உள்ள துருவைத்தான். தகரம் எங்கே அழுகியிருக்கிறது என்று தெரிவதே அவருக்கு வசதி. எலிக்கூட்டை எடுங்கள், ஒழுகும் கூரையை மூடுங்கள், நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து டயர் மேல் பாரம் இறங்காமல் வையுங்கள், அது போதும்.

வின்டேஜ் பதிவு செய்வதா வேண்டாமா என்பதும் யோசிக்க வேண்டியது. 2021 விதிப்படி புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழங்கார் ஓட்டம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுக்குத்தான் ரோட்டில் இறங்கலாம். விற்றாலும் வாங்கினாலும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய ஆர்.சி. புதுப்பித்த நிலையில் உள்ள வண்டியை வார இறுதியில் ஓட்ட நினைப்பவருக்கு இது கைவிலங்கு. இந்த முடிவை வாங்குகிறவரிடமே விடுவது நல்லது என்பது என் எண்ணம்.

சரி, புது வீடு எங்கே கிடைக்கும்? புரோக்கர் மொத்தமாகக் கேட்டால் கணக்கு எளிது. நல்ல இரண்டு வண்டிக்கு மட்டும் விலை போட்டு, மீதி ஐந்தையும் இனாமாக வாங்குகிறார் என்று அர்த்தம். அந்த ஐந்தும் பிறகு ஸ்பேராகப் பிரியும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்களில் இருப்பவர்கள் ஓட்டிப் பார்த்து வைத்திருக்க நினைப்பவர்கள். அவர்களுக்கு நாம் அனுப்ப வேண்டியது நல்ல போட்டோ, நம்பர் பதிவு, குறைகளின் பட்டியல். குறையை மறைக்காமல் எழுதிய பட்டியல்தான் எங்களுக்கு உண்மையான ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. "மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கு, ஃப்ளோர் துரு" என்று எழுதியும் ஒருவர் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தார், ஹெரால்டைப் பார்க்க. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னையிலேயே தயாரான வண்டி. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. அவருடைய அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். பேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது, அதன்பின் ஒரு மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஜீப்பை அத்தையின் தம்பி தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஃபியட் மகளுக்கு. அவர் கல்யாணத்துக்கு வந்த வண்டி அது. அம்பாசடரை, சினிமாவுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவர் கேட்டார். நல்ல விலைதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு நிறம் அடிப்பார்கள், சில சமயம் மோதவும் விடுவார்கள் என்று மெக்கானிக் பெரியவர் சொல்ல, அத்தை குறைந்த விலைக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்குக் கொடுத்தார்கள். மாமா மகனுக்கு இதில் வருத்தம்தான். அவர் பக்கமும் நியாயம் உண்டு. மாமா வாங்கிய மருத்துவக் கடன் இன்னும் பாக்கி இருந்தது. அதனால் லேண்ட்மாஸ்டரை மட்டும் அவசரப்படாமல், இரண்டு என்ஜினையும் சேர்த்து, மூன்று பேர் விலை சொன்ன பிறகு விற்றோம். அந்தப் பணத்தில் கடன் தீர்ந்தது.

விற்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பேரை நீங்களே மாத்திக்கோங்க" என்று சொல்வது நம்மூர்ப் பழக்கம். அந்த வண்டி எங்கோ மோதினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்குபவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, நம் பக்கத்துத் தகவலை நாமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்த்துவிட வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய அத்தை பெயரில் ஏதோ ஊர் விபத்து வழக்கு வந்து நிற்க வேண்டாமே!

கல்லூரிகளுக்குத் தானம் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஒர்க்‌ஷாப்பில் உள்ள வெட்டு மாதிரி என்ஜினைப் பார்த்துத்தான் நாம் நான்கு ஸ்ட்ரோக்கையும் புரிந்துகொண்டோம். ஆனால் முழுமையான, நம்பர் பொருந்தும் ஒரு காரை வெட்டுவதற்குக் கொடுப்பது பாவம் என்றே நான் சொல்வேன். என்ஜின் இல்லாத கூடு, ஜோடி சேராத கியர் பாக்ஸ், உடைந்த பின் ஆக்சில், இவைதான் அதற்கு ஏற்றவை. கொடுக்கும்போதும் யார் பராமரிப்பது, வேண்டாம் என்றால் யாரிடம் திருப்புவது என்று ஒரு கடிதம் எழுதி வாங்க வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து வெயிலில் கிடந்து, ஏலத்தில் இரும்பு விலைக்குப் போகும்.

மாமாவின் டாட்ஜ் கூட்டை அப்படித்தான் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். தகர வேலை, பட்டி, வெல்டிங் பழக மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய உடம்பு கிடைக்காது. மோரிஸ் எய்ட் மட்டும் மெக்கானிக் பெரியவர் வீட்டுத் திண்ணையோரம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் முழுப் பணம் தருகிறார், ஆனால் வண்டியை வரவேற்பறையில் அலங்காரமாக வைக்கப்போகிறார். இன்னொருவர் தவணை கேட்கிறார், ஆனால் 918 சி.சி. சைடு வால்வு என்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர். "ஓட்டறவங்களுக்கே குடு கண்ணு" என்கிறார்கள் அத்தை. தவணைப் பத்திரம் எப்படி எழுதுவது என்று இப்போது வக்கீலைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.